கயிறு நுழையாத மாளிகை

மரியே வாழ்க

தூத்துக்குடி
12-1-1975

அன்புள்ள மனுவேல் அண்ணனுக்கு,

தங்கை பிளாரன்ஸ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் கைகால் விளங்கி நடமாடிக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் நீங்கள், மைனி ஞானசௌந்தரி, பிள்ளை இன்பமணி மூன்று பேரும் சுகந்தானே? உங்கள் மூட்டுவலி பனிக்காலத்தில் கூடும் என்று மைனி எழுதியிருந்தார்கள். எண்ணெய் போட்டு நீவச் சொல்லுங்கள்.

நான் இப்போது பழைய வீட்டில் இல்லை. புதுத் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டுக்காக எங்கள் வரிசையையே இடித்துவிட்டார்கள். நடுத்தெருவில் தகரப்பெட்டியோடு நின்றவளுக்கு ஒரு ஆள் இடம் கொடுத்தான். யார் என்று சொன்னால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஜேசுபாதம்.

அவனேதான். அன்றைக்கு நீங்கள் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது உங்களுக்குப் பதிலாக, முத்துக்குளிக்க இறங்கின என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடிக்கப் படகில் ஏறினானே, பிடித்து விட்டுவிட்டானே, அவன்தான். கடற்கரை ரோட்டில் நாலடுக்கு மாளிகை கட்டியிருக்கிறான். 'முத்து மாளிகை' என்று பெயர். என்ன திமிர் பாருங்கள். ஆளனுப்பி, "வளன் பெண்டாட்டி தெருவுல நிக்கக் கூடாது. கீழ்த்தட்டுல ஒரு அறை இருக்கு. வாடகை வேண்டாம். எனக்கு ரெண்டு வேளை சோறு பொங்கித் தந்தாப் போதும்"னு சொல்லியனுப்பினான். பெண்சாதி செத்து, முட்டி வீங்கி, மேல்மாடியை விட்டு இறங்காமல் தனியே கிடக்கிறான்.

சரி என்று வந்துவிட்டேன். எதற்கு வந்தேன் என்று உங்களிடம் மறைக்கப்போவதில்லை. சோற்றில் எதையாவது கலக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் செத்தவன் வாய் திறக்க மாட்டான். எனக்கு அவன் வாய் வேண்டும். "நான்தான் கயிற்றை விட்டேன், நான்தான் உன்னைத் தாலியறுத்தேன்" என்று அவன் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். பதினாலு வருஷமாக நான் பிழைத்துக் கிடப்பதே அதற்காகத்தான்.

மாளிகை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். தீவுப் பக்கம் கடலுக்கடியிலிருந்து பெயர்த்த முருகைக்கல்லால் கட்டியது. பூச்சுக்குக் கடல்மணல். சுவரெல்லாம் வியர்க்கிறது. காலையில் கையை வைத்தால் ஈரம், நக்கினால் உப்பு. காரை உதிர்ந்த இடத்தில் சிப்பியும் பவளப்பூவும் எட்டிப் பார்க்கின்றன. நடுவில் மேலிருந்து கீழ்வரை திறந்த முற்றம், அடியில் கிணறு. காது வைத்துக் கேட்டால் கிணற்றுக்குள் கடல் மூச்சு விடுகிறது. துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் குடிவருகிறார்கள், ஆறு மாசத்தில் ஓடுகிறார்கள்.

இன்னொன்று கவனித்தேன். இந்த மாளிகையில் எங்கேயும் கயிறு இல்லை. கிணற்று வாளிக்கு இரும்புச் சங்கிலி. துணி காயப் போடக் கம்பி. கட்டிலுக்குப் பலகை. போன மாசம் இரண்டாம் மாடி இசக்கியம்மாள் பிள்ளைக்குத் தொட்டில் கட்டக் கயிறு வாங்கி வந்தாளாம். காவல்காரர் சுந்தர்சிங்கை அனுப்பி அறுத்துப் போடச் சொல்லிவிட்டானாம். ஏன் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் தகரப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

மைனிக்கும் பிள்ளைக்கும் என் முத்தங்கள்.

தங்கை,
பிளாரன்ஸ்


கொழும்பு, கொட்டாஞ்சேனை
4-2-1975

பிரியமுள்ள தங்கை பிளாரன்ஸுக்கு,

அந்தோணியார் தயவில் குடும்பத்தோடு சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும் என்று தினமும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன். புடவைக்கடை சுமாராகப் போகிறது. மூட்டுவலி தேவலை.

உன் கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் நீ ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். பெட்டியை எடுத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போய் மைனியின் தாய்வீட்டில் இரு. இல்லையென்றால் இங்கேயே வந்துவிடு. விசாவுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

நடந்தது நடந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு மட்டும் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. ஆனால் ஜேசுபாதத்தைக் கிளறி உனக்கு என்ன ஆகப்போகிறது? கிழவன். அவன் என்னவெல்லாமோ உளறுவான். நம் ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார்.

சரக்குத் தோணி ஓட்டிவருகிற தண்டல் கையில் இரண்டு புடவையும் ஒரு சவர்க்காரப் பெட்டியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? எழுது.

அண்ணன்,
மனுவேல்


மரியே வாழ்க

தூத்துக்குடி
22-2-1975

அன்புள்ள அண்ணனுக்கு,

புடவையும் சவர்க்காரமும் வந்து சேர்ந்தன. வெள்ளைப் புடவையாகத் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்போதும் ஞாபகசக்தி அதிகம். நான் சுகம். நீங்களும் அப்படியே இருங்கள்.

பெட்டியில் அவர் கயிறு இருக்கிறது. கரையில் கொண்டுவந்து கிடத்தினபோது இடுப்பில் கட்டியிருந்ததே, அந்தத் தும்புக்கயிறு. முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். ஈரத்தில் இறுகிப்போயிருந்ததால் பல்லால் அவிழ்த்தேன். அந்த உப்பு இன்னும் என் வாயில் இருக்கிறது.

முத்துக்குளிக்கிறவன் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்று நம் ஆட்கள் ஏன் வைத்தார்கள்? சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். சொத்துக்கு ஆசைப்படலாம். மச்சினன் விடமாட்டான். விட்டால் அறுவது அவன் தங்கச்சி தாலி. அந்த முறையை ஒரே ஒரு நாள் மாற்றினோம், உங்கள் காய்ச்சலால். அந்த ஒரே நாளில் என் தலையில் இடி விழுந்தது. உங்களை நான் குறை சொல்லவில்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வீட்டு ஆண்கள் எல்லாம் துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள். நான் துவைத்த துணிகளோடு மொட்டைமாடிக்குப் போனேன். கூடையில் துணிக்கடியில் கயிறு. ஒரு நுனியை மேலே இரும்புக் கம்பியில் கட்டி, நடுமுற்றத்தில் இறக்கிவிட்டேன். அது அவன் ஜன்னலுக்கு முன்னால் தொங்கி, கீழே என் அறை வாசல் வரைக்கும் வந்தது. கீழே போய் நின்று மூன்று தடவை சுண்டினேன். கடலுக்கடியிலிருந்து "தூக்கு" என்று சொல்லுகிற இழுப்பு அது. உங்களுக்கா நான் சொல்லித்தர வேண்டும்?

மேலே ஏதோ கீழே விழுந்து உடைந்தது. பிறகு, "சுந்தர்சிங்கு, ஏலே சுந்தர்சிங்கு" என்று அலறினான். அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு மூன்று மாடி ஏறுவதற்குள் நான் வேறு படிவழியாகப் போய்க் கயிற்றைக் கூடையில் போட்டு, மேலே ஈரப்புடவையைப் பரப்பிவிட்டேன்.

"கயிறா? எங்கன இருக்கு அண்ணாச்சி? ஒண்ணையும் காணலியே" என்று சுந்தர்சிங் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சோறு கொண்டுபோனபோது ஜன்னலைச் சாத்தி, அந்த வெக்கையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏளா பிளாரன்ஸு, இந்த வீட்டுக்குள்ள யாராச்சும் கயிறு கொண்டாந்தாங்களா?" என்றான்.

"கயிறா? நீங்கதான் கயித்தையே உள்ள விடுறதில்லையே" என்று சொல்லி ரசத்தை ஊற்றினேன். எனக்கே ஆச்சரியம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது, இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இனி வாரம் ஒருநாள், பகல் பதினொரு மணி, அவர் போன நேரம்.

தங்கை,
பிளாரன்ஸ்


கொழும்பு
2-4-1975

தங்கை பிளாரன்ஸுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். பதில் தாமதமானதற்குக் கடைவேலைதான் காரணம், வேறொன்றும் நினைக்காதே. எல்லாரும் சுகம்.

நீ செய்வது பாவம். செத்தவனின் கயிற்றை வைத்து விளையாடக் கூடாது. அதை உடனே எரித்துவிடு. எரிக்க மனசில்லாவிட்டால் கடலில் போட்டுவிடு. நான் வளனுக்காக இங்கே மூன்று பூசை ஒப்புக்கொடுத்துவிட்டேன். இனி உனக்கு அவரைப் பற்றி எந்தக் கடனும் இல்லை.

ஜேசுபாதம் உன்னிடம் ஏதாவது சொன்னானா? என்ன சொன்னாலும் நம்பாதே. பணம் வந்ததும் புத்தி கெட்டவன் அவன். என்ன சொன்னான் என்பதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

மைனி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்,
மனுவேல்


மரியே வாழ்க

தூத்துக்குடி
17-4-1975

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு ரத்தக்கொதிப்பு என்று தண்டல் சொன்னார். உப்பைக் குறையுங்கள்.

கயிற்றை எரிக்கவில்லை. ஏழு தடவை இறக்கியாகிவிட்டது. இவன் இப்போது பத்தரை மணிக்கே ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துவிடுகிறான், ஆனால் கண்ணாடியில் பார்க்கிறான். மாளிகையிலும் பேச்சு பரவிவிட்டது. இசக்கியம்மாள் காலி செய்துவிட்டாள். முதல்மாடியில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. "அம்மா, இந்த வீட்டுக்குக் கடல்ல இருந்து கல்லை மட்டும் எடுக்கல, வேற என்னத்தையோ சேத்து எடுத்துட்டு வந்திருக்காவ" என்று சுந்தர்சிங் சொல்லுகிறார்.

நேற்று நான் நினைத்தது நடக்கப்போகிறது என்றுதான் இருந்தேன். சுண்டினதும் ஜன்னலைத் திறந்துவிட்டான். தலை வெளியே வந்தது. இதோ வளன் பெயரைச் சொல்லி அழப்போகிறான், மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று கழுத்தை நிமிர்த்திக் காத்திருந்தேன்.

அவன் என் பக்கம் பார்க்கவில்லை. கயிற்றையும் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினான்:

"ஏலே மனுவேலு, கயிறு அசையுதுலே. கயித்தப் பாருலே. மனுவேலு, கயித்தப் பாருலே."

மூன்று தடவை கத்தினான். நாலு மாடியும் கேட்டது.

உங்கள் பெயரை ஏன் சொல்லுகிறான் அண்ணன்? நீங்கள்தான் அன்றைக்குப் படகிலேயே இல்லையே. புத்தி பிசகிப் பழைய நாள் எதையோ நினைத்துச் சொல்லுகிறான் போலிருக்கிறது. நீங்களும் அவனும் எத்தனையோ நாள் ஒரே படகில் போனவர்கள்தானே.

எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ராத்தூக்கம் வரவில்லை.

தங்கை,
பிளாரன்ஸ்


கொழும்பு
24-4-1975

தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே எழுதுகிறேன். எல்லாரும் சுகம்.

அவன் பைத்தியக்காரன், வேறென்ன? அன்றைக்கு நான் படகில் ஏறவில்லை என்பது ஊருக்கே தெரியும். போர்வைக்குள் குளிரில் உதறிக்கொண்டு கிடந்தேன். சந்தேகமிருந்தால் உன் மைனியையே கேள். அவள்தான் விடிந்ததிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சிகூட அவள்தான் ஊட்டினாள். கர்த்தர் அறிய உண்மை.

இனி அந்த விஷயமாக எனக்கு எழுதாதே. உடனே அந்த வீட்டை விட்டுக் கிளம்பு.

மனுவேல்


மரியே வாழ்க

தூத்துக்குடி
12-5-1975

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதினாலு வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் நீங்கள் பதில் போட்டதில்லை. ரொம்ப சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி அந்த விஷயத்தை எழுதவில்லை. வீட்டு விஷயம் மட்டும் எழுதுகிறேன். தென்பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பொருக்காக உதிர்கிறது. கடல்மணல் போட்டுக் கட்டினால் கடல் சும்மா இருக்குமா? பாதி வீடுகள் காலி.

போன வாரம் கயிற்றைத் தொங்கவிட்டுவிட்டு, அவசரமாக மீன் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சுந்தர்சிங் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார், முகம் வெளுத்துப் போய். "அம்மா, நான் இன்னைக்கு என் கண்ணால பாத்துட்டேன். கயிறு தானா சுண்டுது. மூணு தடவ" என்றார். காற்றாக இருக்கும் என்று சொன்னேன். இலைகூட அசையாத நாள் அது. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஆனால் பயமாக இல்லை. துணைக்கு ஆள் வந்ததுபோல இருந்தது.

ஒரு சின்ன விஷயம் கேட்க மறந்துவிட்டேன். நம் இன்பமணிக்கு இப்போது என்ன வயசு? எந்த மாசம், எந்த ஊரில் பிறந்தாள்? பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வயசான காலத்தில் எல்லாம் மறந்துபோகிறது. உங்களுக்கும் அப்படித்தானே?

தங்கை,
பிளாரன்ஸ்


கொழும்பு
28-6-1975

அன்பு மைனி பிளாரன்ஸுக்கு,

ஞானசௌந்தரி எழுதுகிறேன். நான் சுகம், பிள்ளை சுகம். இவருக்குத்தான் ஒரு மாசமாக ஒன்றும் சரியில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், கடைக்கும் ஒழுங்காகப் போவதில்லை. பதில் போடுங்கள் என்று நாலு தடவை சொன்னேன். கேட்கவில்லை. அதனால் இவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

என்ன மைனி, இன்பமணி பிறந்ததையா மறந்தீர்கள்? பதினாலு முடிந்துவிட்டது. சூசையப்பர் திருநாளன்று மணப்பாட்டில் எங்கள் அம்மா வீட்டில் பிறந்தாள். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசமே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களே. செய்தி கேட்டு வளன் அண்ணன், "மருமகளுக்கு என் கையால எடுத்த முத்து ஒண்ணு தாரேன்"னு சொல்லியனுப்பினார்கள். மூன்றாம் நாளே அவர்களைக் கடல் கொண்டுபோனது. பச்சை உடம்புக்காரி என்று என்னை வரவிடவில்லை. உங்களைக் கட்டிக்கொண்டு அழக்கூட முடியவில்லையே என்ற குறை இன்றும் இருக்கிறது. இவர்கூட அதற்குப் பிறகு பத்து நாள் கழித்துத்தான் பிள்ளை முகத்தைப் பார்க்க மணப்பாட்டுக்கு வந்தார். அடுத்த மாசமே கொழும்புக்கு வந்துவிட்டோம்.

சட்டைத்துணியெல்லாம் எதற்கு மைனி? உங்கள் அன்பு போதும்.

ஞானசௌந்தரி


மரியே வாழ்க

தூத்துக்குடி
7-8-1975

மனுவேலுக்கு,

சுகம் விசாரிக்கப்போவதில்லை.

விடிந்ததிலிருந்து ஈரத்துணி போட்டாள் என்று எழுதினீரே, அந்த மைனி அன்றைக்கு மணப்பாட்டில் இரண்டு நாள் பிள்ளையோடு படுத்திருந்தாள். பொய் சொல்லும்போதாவது பெற்ற மகள் பிறந்த நாளை நினைத்திருக்கலாம். சித்திரையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் உம்மைச் சேர்ந்த ஒருத்தர் கையெழுத்தில் அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். மைனி எழுதிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

முந்தாநாள் மாதா திருநாள். மாளிகையில் மிச்சமிருந்த நாலு குடும்பமும் கோயிலுக்குப் போயிற்று. நான் போகவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, மறைக்காமல், பதினொரு மணிக்கு அவன் அறைக்குள் போய் மடியில் போட்டேன்.

ஜேசுபாதம் அதைப் பார்த்தான். கத்தவில்லை. தடவிப் பார்த்தான்.

"நீதானா பிளாரன்ஸு" என்றான்.

"நான் பாதி. மீதி யாருன்னு எனக்குத் தெரியாது. சொல்லுங்க. யார் பிடிச்சது கயித்த?"

சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

"மனுவேலுதான் பிடிச்சான். காய்ச்சலும் இல்ல, ஒண்ணுமில்ல. படகுல நாங்க ரெண்டு பேரும், அந்தாண்ட பக்கம் கீழக்கரைக்காரங்க ரெண்டு பேரும். அவங்களுக்கு எங்க பேருகூடத் தெரியாது, மறுநாளே ஊருக்குப் போயிட்டாங்க. சிப்பியப் படகுல வச்சுத் திறக்கக் கூடாது, முழுசா சர்க்கார் கணக்குக்குப் போகணும், உனக்குத் தெரியும். நாங்க திறந்தோம். வளன் அதுக்கு முன்னால கொண்டாந்து போட்ட சிப்பி அது. உள்ள சுண்டைக்கா அளவு முத்து. அப்படி ஒண்ண நான் அதுக்கு முன்னயும் பாக்கல, பின்னயும் பாக்கல. ரெண்டு கையாலயும் ஏந்திப் பாக்கணும்னு மனுவேலு கயித்தக் கால் பெருவிரல்ல சுத்திக்கிட்டான். அப்பத்தான் சுண்டிச்சு. மூணு தடவ சுண்டிச்சு. அவன் கால உதறினான் பிளாரன்ஸு. ஈ உக்காந்தா உதறுவோமே, அப்படி உதறினான். திரும்பக்கூட இல்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். 'மனுவேலு, கயித்தப் பாருலே'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா அவன் பதறி எந்திரிப்பான், முத்து தண்ணிக்குள்ள விழுந்திரும்னு நெனச்சேன். சொல்லல. இப்பச் சொல்லுதேன். தெனமும் சொல்லுதேன்."

கடலுக்கடியில் அவர் கால் கல்லிடுக்கில் மாட்டியிருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் வந்திருப்பார். தோல் உரிந்திருக்கும், அவ்வளவுதான்.

முத்தை விற்று அவன் பங்கில் இந்த மாளிகையைக் கட்டினான். உம் பங்கில் நீர் புடவைக்கடை வைத்தீர். எனக்கு வருஷா வருஷம் வெள்ளைப் புடவை அனுப்பினீர். காய்ச்சல்கதையை அவனும் ஒத்துக்கொண்டு பழியைச் சுமந்தான், வாய் திறந்தால் முத்தும் வெளியே வரும் என்பதால். இத்தனை வருஷம் நான் ஒரு ஆளைச் சபித்தேன். பாதிச் சாபம் விலாசம் தவறிப் போயிருக்கிறது. அதை இப்போது சரியான விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

ஜேசுபாதத்துக்கு நேற்று வாதம் வந்து வாய் கோணிவிட்டது. இனி அவனால் அந்த வார்த்தையைக்கூடச் சொல்ல முடியாது. கஞ்சி ஊட்டுகிறேன். அவன் சீக்கிரம் சாகக் கூடாது.

தண்டல் கையில் கயிற்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பத்துப் பாகம், அறுபதடி, முழுசாக இருக்கிறது. எண்ணெய் போட்டிருக்கிறேன். முறைப்படி மச்சினன் பிடிக்க வேண்டியது, உம்முடையது. எரித்துப் பாரும், கடலில் போட்டுப் பாரும், உம் இஷ்டம். ஆனால் பகல் பதினொரு மணிக்கு அது சுண்டும். சுண்டுவதற்கு நான் தேவையில்லை என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

வளன் பெண்டாட்டி,
பிளாரன்ஸ்


கொழும்பு
19-10-1975

அன்பு மைனிக்கு,

பிள்ளை சுகம். என்னைப் பற்றி என்ன எழுத? நீங்கள் சுகமாக இருந்தால் சரி.

தண்டல் கொண்டுவந்து கொடுத்த பொட்டலத்தில் ஒரு பழைய கயிறு இருந்தது. அதோடு வந்த கடிதத்தை இவர் என்னைப் படிக்க விடவில்லை. அடுப்பில் போட்டுவிட்டார். கயிற்றையும் போடப் போனார். அடுப்பு வரைக்கும் கொண்டுபோனவர், நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். பத்தரை மணிக்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார். கயிற்றின் ஒரு நுனியைக் கொல்லைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, மற்ற நுனியைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு கிணற்றடியில் உட்காருகிறார். பன்னிரண்டு அடித்தால்தான் எழுந்திருக்கிறார். நேற்று மழை. நனைந்துகொண்டே இருந்தார். விரல் கறுத்துப் புண்ணாகிவிட்டது. அதில் ஈ மொய்க்கிறது மைனி. காலை அசைப்பதேயில்லை. விரட்டக்கூடக் காலை ஆட்டுவதில்லை. நான் அவிழ்க்கப் போனால், "தொடாதே, சுண்டுது, சுண்டுது" என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் மருந்து எழுதித்தந்தார், கேட்கவில்லை.

பிள்ளை பயந்து அழுகிறாள். இந்தக் கயிற்றில் என்ன இருக்கிறது? நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார். உங்கள் கடிதத்துக்காகத்தான் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கயிற்றை அவிழ்க்கலாம் என்று ஒரே வரி எழுதுங்கள் மைனி.

ஞானசௌந்தரி


மரியே வாழ்க

தூத்துக்குடி
3-11-1975

அன்புள்ள மைனிக்கு,

நான் சுகம். உங்களுக்கும் பிள்ளைக்கும் மாதா துணையிருக்கட்டும். உங்கள் இருவர் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்பமணியைக் கொஞ்ச நாள் மணப்பாட்டுக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளை அதையெல்லாம் பார்க்க வேண்டாம்.

மாளிகையை இடிக்கச் சொல்லி நகராட்சியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எல்லாரும் போய்விட்டார்கள். மேலே அவன், கீழே நான். நன்றாகத் தூங்குகிறேன்.

கயிற்றில் என்ன இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். அவர் வாயால் உங்களிடம் சொல்லும் நாளில் நான் அந்த ஒரு வரியை யோசிக்கிறேன். அதுவரைக்கும் அவர் செய்யட்டும், அது அவர் வேலைதான்.

ஈயை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் விரட்டுங்கள், மைனி. கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

பிளாரன்ஸ்